குளிர் இறங்கும் இடம்

பெயிண்டர் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைத்தான் நலம் விசாரிப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலப் புறங்கையை அதன்மேல் வைத்துச் சற்று நேரம் நிற்பார். அதன் பிறகே வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "சொல்லுங்க, என்ன கலர் நினைச்சிருக்கீங்க?" என்று கேட்பார். சுவர் ஈரமாக இருந்தால், "இதுக்குப் பெயிண்ட் வேணாங்க, முதல்ல உள்ள ஓடுற குழாயைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வேலையைக் கைவிட்டுத் திரும்பிய நாள்களும் உண்டு. அந்த நாணயத்தால் அவருக்கு வேலை குறையவில்லை; ஒருவர் சொல்லி ஒருவர் தேடி வந்தார்கள். பேச்சுக்குக் கால் முளைத்து நகரத்து அருங்காட்சியகம் வரைக்கும் போனது அப்படித்தான்.

அவருக்குப் பிள்ளை இல்லை. ஆனால் கல்யாணத்தன்றே ஒரு பிள்ளை வந்து சேர்ந்துவிட்டது. தாய் தகப்பன் இல்லாத மனைவி, தன் தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் இந்த வீட்டுப் படியேறினாள். "பொண்ணு வீட்டு வகையில எனக்குக் கிடைச்ச ஒரே சீர் இவன்தான்" என்று பெயிண்டர் சொல்லிக் காட்டுவார். "மத்த சீரெல்லாம் நாள்பட்டா தேயும். உங்க சீர் வருஷா வருஷம் பெருக்குது பாருங்க" என்பாள் மனைவி. அது மெய்தான். மைத்துனன் உண்டு உறங்கி உருண்டு திரண்டு, நாற்பது வயதில் ஆள் ஒரு பீரோவைப் போல இருந்தான். வாய் மட்டும் சின்னப் பையனுக்கு உரியது. எதையும் சிரிக்காமல் சொல்லமாட்டான்.

அவனுக்கு வெயில் ஆகாது. பேருந்துப் பணிமனை வாசலில் காவல் வேலை பார்த்தபோது உடம்பெல்லாம் வேர்க்குரு வெடித்து, ஒரு நண்பகலில் நின்ற நிலையிலேயே மயங்கி விழுந்தான். அப்போது பெயிண்டர் அருங்காட்சியகத்துக் காப்பாட்சியர் அம்மாவிடம் போய்க் கைகட்டி நின்றார். தமக்காக யாரிடமும் அப்படி நின்றவரல்லர். அம்மா மனம் இரங்கி, பெரிய கூடத்துக்கு அவனைத் தற்காலிகக் காவலாளியாகப் போட்டுக்கொண்டார். இடைவெளி விழாமல் வேலை பார்த்துக்கொண்டே வந்தால் ஒருநாள் நிரந்தரம் ஆகும். நடுவில் ஒருமுறை வேலை நின்றுபோனாலும் எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும் என்பது விதி. அந்த விதி வீட்டில் மூவருக்கும் மனப்பாடம். நிரந்தரம் ஆனதும் பெண் தருவதாக ஒரு குடும்பம் வாக்கும் கொடுத்திருந்தது.

அந்தப் பெரிய கூடம் பழங்காலத்தது. சுவர்கள், ஆள் ஒருவர் கைநீட்டிப் படுத்துக்கொள்ளும் அளவுக்குத் தடிமன். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கட்டு. மேல்மாடித் தளத்தைத் தாங்கும் மர உத்திரங்கள் இருபுறமும் சுவருக்குள் தலையைச் செருகிக்கொண்டிருந்தன. உயரத்தில் வரிசையாகக் காற்றுப் போக்கிகள். வெப்பக் காற்று அவற்றின் வழியே வெளியேறும், கீழே சன்னல்கள் வழியே புதுக்காற்று நுழையும். கட்டியவர்கள் அந்தக் கட்டடத்துக்கு மூக்கும் வாயும் வைத்துத்தான் கட்டியிருந்தார்கள். 

வெளியூர் அருங்காட்சியகம் ஒன்று தன் பழைய பட்டுத்துணிகளைக் கடனாகக் கொடுக்க முன்வந்தபோது, கூடம் எப்போதும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. சன்னல்களுக்குக் கண்ணாடி அடித்தார்கள். காற்றுப் போக்கிகளுக்குள் தெர்மாகோலைத் திணித்துப் பூசினார்கள். வெளிச்சுவருக்குப் புதுச் சிமெண்ட் போட்டார்கள். உத்திரங்களை ஒட்டிக் குளிர்சாதன இயந்திரத்தின் தகரக் குழாய் ஓடியது. கிழக்குச் சுவரில் அதன் பெரிய வாய் திறந்தது. பட்டுத்துணிகள் வந்து, பார்க்கப்பட்டு, திரும்பிப் போய்விட்டன. குளிர் மட்டும் தங்கிவிட்டது. வருகிறவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. காலையில் கதவு திறக்கும்போது இயந்திரத்தைப் போடுவார்கள். மாலையில் மின்சாரச் சிக்கனம் கருதி நிறுத்திவிடுவார்கள்.

குழாயின் அந்த வாய்க்கு நேர் கீழேதான் மைத்துனன் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டான். வெளியே தார் உருகும் கோடையில் அவன் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக வேலைக்குப் புறப்படுவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால், "ஃபாரினுக்கு. சாயங்காலம் திரும்பிடுவேன்" என்பான்.

அந்த வாயை அடுத்த சுவரில் கறை முதன்முதலாகத் தோன்றியபோது பெயிண்டர் வழக்கம்போலப் புறங்கையை வைத்துப் பார்த்து உண்மையைச் சொன்னார். "அம்மா, சுவர் உள்ளுக்குள்ள ஈரமா இருக்கு. கூரையில ஒழுக்கு பாருங்க." கூரையில் ஒழுக்கு இல்லை. காப்பாட்சியர் அம்மா மேலிடத்துக்கு எழுதினார். சுவருக்கு நல்ல வண்ணம் பூசவும் என்று பதில் வந்தது. பெயிண்டர் சுரண்டி, உப்புப் பூத்த இடத்தைத் துடைத்து, வண்ணம் பூசினார். மறு ஆண்டு கறை முன்னைவிட அகலமாக வந்தது. அந்த முறை அவர் தம் கைச்சரக்கைக் காட்டினார். ஈரத்தைக் கட்டிப் போடும் என்று கடைக்காரர் சத்தியம் செய்த எண்ணெய் வண்ணத்தை வாங்கி, சுவரின் முகத்தில் ரப்பர் தோல் போர்த்ததுபோல மூன்று கை அடித்தார். அது சில மாதங்கள் தாங்கியது. பிறகு தோல் உரிந்தது. அதன்மேல் இன்னொரு தோல். ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சுவர் அவரைக் கூப்பிட்டது, அவரும் போனார். "நம்ம குடும்பத்துல நாலாவது ஆள் அந்தச் சுவர்தான் அத்தான். எனக்குக் காத்து குடுக்குது, உங்களுக்குச் சோறு குடுக்குது" என்று மைத்துனன் சொன்னபோது மூவரும் சிரித்தார்கள்.

இந்த ஆண்டு, ஏணியின் உச்சியில் நின்று சுரண்டிக்கொண்டிருந்தபோது பழைய வண்ணம் ஒரு செருப்பின் தோலைப்போல மொத்தமாகக் கழன்று வந்தது. பின்னால் சுண்ணாம்பு நனைந்த மாவாக இருந்தது. உத்திரம் சுவருக்குள் நுழையும் மூலையில் மரத்தின் மேலும் வண்ணம் கொப்புளித்திருந்தது. அதையும் நீக்கலாம் என்று சுரண்டும் கத்தியை வைத்து மெல்ல அழுத்தினார். கத்தி உள்ளே போயிற்று. அழுத்தம் தராமலே இன்னும் போயிற்று. பிடி மரத்தில் முட்டியபோதுதான் நின்றது.

இழுத்தார். கத்தியோடு கறுத்த சோறுபோல ஏதோ வந்தது. நனைந்த கோணியின் வாடை. அந்த உத்திரத்தின் தலை மரமாக இல்லை. மரத்தின் உருவம் மட்டும் வண்ணப் பூச்சுக்குள் நின்றுகொண்டிருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். நேர் கீழே, மஃப்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வயிற்றின்மேல் கைகளைக் கோத்து, மைத்துனன் நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். தலைமேல் சுண்ணாம்புத் தூள் விழவே அண்ணாந்து பார்த்தான்.

"என்ன அத்தான், பூமாரி பொழியுறீங்க? ஏதாவது வரம் குடுக்கப் போறீங்களா?"

"தள்ளி உக்காருடா. வேலை நடக்குது."

"வேலை முடிஞ்சதும் திரும்பி வருவேன். என் சிம்மாசனம் இது."

ஏணியிலிருந்து இறங்கி, நான்கடி நடந்து, அம்மாவிடம் சொல்லிவிட வேண்டியதுதான். பெயிண்டருக்கு அது தெரியும். இறங்கவும் செய்தார். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஓர் எண்ணம் ஏறிவந்து எதிரில் நின்றது. சொன்னால் கூடத்தை மூடுவார்கள். மூடினால் கூடத்துக்குக் காவல் எதற்கு? எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். பெண் தருவதாகச் சொன்னவர்கள் இன்னொரு முறை காத்திருக்கமாட்டார்கள். மீண்டும் பணிமனை வாசல், வெயில். அதோடு, எண்ணெய் வண்ணம் அடித்துச் சுவரின் மூச்சை அடைத்தது யார் என்று கேள்வி வந்தால் விரல் தம் பக்கமே நீளும். கடைசிப் படியில் கால் வைத்தபோது அவர் தீர்மானித்திருந்தது வேறு. இத்தனை உத்திரங்கள் இருக்கின்றன. ஒன்று சற்றுத் தளர்ந்தால் மற்றவை தாங்காதா? பழங்காலத்துக் கட்டு. நம்மைவிட அதற்கு ஆயுள் அதிகம்.

துளைக்குள் ஜிப்சத்தைத் திணித்தார். அதன்மேல் கம்பிவலை ஒட்டி, பட்டி பார்த்து, தேய்த்து, வண்ணம் பூசினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவர் கைத்திறத்துக்கு அது முடிந்தது. 

மாலையில் காப்பாட்சியர் அம்மா வந்து அண்ணாந்து பார்த்தார். அவர் படித்தவர், நிதானமானவர், மேலிடத்துக்கு எழுதி எழுதிச் சலித்தவர். 

"நல்லா வந்திருக்கு. உள்ள ஏதாவது பார்த்தீங்களா? உங்க கைக்கு ஏதாவது வித்தியாசமா பட்டா சொல்லுங்க. நீங்க சொன்னதா சொல்லி நான் மறுபடி எழுதுறேன். இந்தத் தடவை விடமாட்டேன்."

"ஒண்ணுமில்லம்மா. மேல்பூச்சு மட்டுந்தான் போயிருந்துச்சு."

அவர் வாழ்நாளில் ஒரு சுவரைப் பற்றிச் சொன்ன முதல் பொய் அது.

அன்று முதல் பெயிண்டருக்கு ஒரே கவலை: மைத்துனனின் நாற்காலி. சாப்பிட உட்கார்ந்ததும் அதைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"அந்தக் குளிர்ல நாள் முழுக்க உக்கார்றது நல்லதில்ல மச்சான். மூட்டு பிடிச்சுக்கும். வாசல் பக்கம் போட்டுக்க."

"வாசல் பக்கமா? கதவு திறக்குறப்பெல்லாம் அடுப்பைத் திறந்த மாதிரி அனல் அடிக்கும். ஏன் அத்தான், நான் கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கறது உங்க கண்ணை உறுத்துதா?"

"சொன்னா கேளுடா."

"அக்கா, உன் வீட்டுக்காரருக்குப் பொறாமை. ஏணியில வெந்துக்கிட்டிருக்கற மனுஷன், கீழ நான் போர்த்திக்கிட்டு இருக்கறதைப் பார்த்துட்டாரு. வயிறு எரியாம என்ன பண்ணும்?"

"விடுங்களேன்" என்றாள் மனைவி. "பாவம், அவன் உடம்புக்கு அது ஒண்ணுதான் ஒத்துக்குது."

இப்படியே நாலைந்து நாள் போயின. பெயிண்டர் மூட்டுவலியைச் சொன்னார், சளியைச் சொன்னார், வாசலில் உட்கார்ந்தால் அம்மாவின் கண்ணில் நல்லபடியாகப் படுவான் என்றார். மைத்துனன் எல்லாவற்றையும் நகைச்சுவையாக்கித் திருப்பிக் கொடுத்தான். இரவில் பெயிண்டருக்குத் தூக்கம் வருவதில்லை. கண்ணை மூடினால் கத்தி மரத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. 

கடைசியில் ஒரு காலை, அவன் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அவர் குரல் போய்க்கொண்டிருந்தது. கேட்டு முடித்ததும் ஈரக் கையோடு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா இவன் வேலை போயிடும்."

 குளியலறையில் தம்பி ராகமே இல்லாமல் ஏதோ முனகிக்கொண்டிருந்தது கேட்டது. பெயிண்டர் தம் உள்ளத்தில் ஒரு மூலையில் அவள் தம்மைத் திட்டுவாள், 'போய்ச் சொல்லிட்டு வாங்க' என்று விரட்டுவாள் என எதிர்பார்த்திருந்தார். அவள் விரட்டியிருந்தால் அவர் போயிருப்பார்.

"முதல்ல அவன் நாற்காலியை மாத்தணும்" என்றாள் அவள். "அதை நான் பாத்துக்கறேன்."

தம்பி தலை துவட்டிக்கொண்டு வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை.

"விடியக்காலையில ஒரு கெட்ட கனவுடா. நீ உன் நாற்காலியில உக்காந்திருக்க. மேலேர்ந்து மண்ணா கொட்டுது. உன் முகமே தெரியல. நான் கத்துறேன், சத்தம் வரல." அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காக அந்த இடத்தை விட்டுடுடா."

"என்னக்கா, கனவுக்கெல்லாம்…" என்று சிரிக்கத் தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "சரி, சரி. வாசல்லயே உக்காந்து வறுபடுறேன். அழாதே."

அன்றே நாற்காலி வாசலுக்குப் போயிற்று. அன்றிரவு பெயிண்டர் நன்றாகத் தூங்கினார். வீட்டில் கணவனும் மனைவியும் அதைப் பற்றி மறுபடி பேசிக்கொள்ளவில்லை. நிரந்தர ஆணை வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று அவர் தமக்குள் ஒரு தவணை வைத்துக்கொண்டார். அந்தத் தவணை அவருக்கு மனச்சாட்சியைப் போலவே பயன்பட்டது.

கோடை முற்றிய ஒரு நண்பகலில், மனைவி கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பையோடு பெயிண்டர் அருங்காட்சியகத்துக்குப் போனார். தெருவில் நாய்கள்கூட நிழலை விட்டு நகரவில்லை. கூடத்துக்குள் நுழைந்ததும் வேர்வை சில்லிட்டது. வழக்கத்தைவிடக் கூட்டம். காட்சிப் பொருள்களை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் குளிருக்கு வந்தவர்கள். பெயிண்டர் கிழக்குச் சுவரைப் பார்த்தார்.

நாற்காலி இருந்த இடத்தில் ஒரு நீண்ட பெஞ்சு கிடந்தது. அதில் நெருக்கியடித்து ஆட்கள்.

"இது எப்ப வந்துச்சு?"

"என் யோசனைதான் அத்தான்" என்றான் மைத்துனன் பெருமையாக. "இடம் காலியா கிடந்துச்சு. வெயில்ல வர்றவங்க பாவம், நின்னுக்கிட்டே இருந்தாங்க. அம்மாகிட்ட கேட்டேன், சரின்னுட்டாங்க. நமக்குக் கிடைக்காத காத்து நாலு பேருக்காவது கிடைக்கட்டும்னு." அப்போது உள்ளே வந்த மூச்சிரைக்கும் கிழவர் ஒருவரைப் பார்த்து, "ஐயா, அங்க போயி உக்காருங்க, அங்கதான் காத்து நல்லா இறங்கும்" என்று கைகாட்டினான். 

பெஞ்சின் நடுவில் பார்சல் கொண்டுவந்து கொடுக்கும் ஆள் ஒருவர் இருந்தார். தினமும் நண்பகலில் பையை இறக்கி வைத்துவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்து போகிறவர். மைத்துனனுக்கு இப்போது அவர் உற்ற தோழர். "அண்ணே, வாடகை குடுத்துட்டுத் தூங்குங்க" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தான். அவர் கண்ணைத் திறக்காமல், "மாசக் கடைசியில சேர்த்துத் தரேன் தம்பி" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பெயிண்டர் அண்ணாந்தார். உத்திர மூலையில் அவர் பூசிய வண்ணம் பைபோலத் தொங்கியது. உள்ளே நீர் கோத்து, தோல் பளபளத்தது. அதற்கு மேலே, மரமும் சுவரும் சேரும் இடத்தில், அவர் பட்டி வைத்து மூடிய கோடு வாய் பிளந்திருந்தது. விரல் நுழையும் அகலம். உத்திரம் இறங்கியிருக்கிறது. 

"எழுந்திரிங்க" என்றார்.  "கொஞ்சம் எழுந்து அந்தப் பக்கம் உக்காருங்க. இங்க சுவர் வேலை இருக்கு." 

கிழவரும் ஓரத்தில் இருந்த இருவரும் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். பார்சல்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "வேலையை ஆரம்பிங்க, எழுந்துக்கறேன்" என்று மறுபடி மூடிக்கொண்டார். பெயிண்டருக்கு அவரைத் தோளைப் பிடித்து உலுக்கக் கை வரவில்லை. ஏன் என்று கேட்டால் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமே. அம்மாவிடம் சொல்லிவிடுவோம், அவர் சொன்னால் எல்லோரும் எழுவார்கள். பெயிண்டர் வேகமாக அலுவலக அறைக்கு நடந்தார்.

அம்மா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். கதவருகே நிழலாடியதைப் பார்த்து, ஒரு நிமிடம் என்று விரல் காட்டினார். பெயிண்டர் நின்றார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே புகக்கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. எத்தனையோ வீட்டு வாசல்களில், எத்தனையோ அலுவலக வாசல்களில் அப்படி நின்றிருக்கிறார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அம்மா எதிர்முனையில் இருந்த யாருக்கோ மின்சாரக் கட்டணத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

சத்தம் இடிபோல இல்லை. கனத்த மூட்டை ஒன்றைத் தரையில் போட்டதுபோல ஒன்று; பிறகு பலகைகள் முறியும் ஒலி; பிறகு மேல்மாடியிலிருந்து ஏதேதோ சரிந்து இறங்கும் நெடிய இரைச்சல். அதற்குப் பிறகுதான் ஆட்களின் கூக்குரல்.

பெயிண்டர் ஓடி வந்தபோது கூடம் முழுவதும் சுண்ணாம்புப் புகை. அதற்குள் மைத்துனன் முட்டிபோட்டு, வெறுங்கையால் செங்கல்லை அள்ளி அள்ளி எறிந்துகொண்டிருந்தான். "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டபடி இருந்தான். குழாயின் வாயிலிருந்து குளிர் அப்போதும் இறங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

எழுந்து போன கிழவருக்குக் கையில் சிராய்ப்பு. வேறு சிலருக்குக் காயம். பார்சல்காரரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. அவருடைய பையில், மாலைக்குள் சேர வேண்டிய பொட்டலங்கள் அலுங்காமல் இருந்தன.

விசாரணைக்கு மூவர் வந்தார்கள். நடுவில் இருந்தவர் பழைய கட்டடங்களையே படித்த ஒரு பொறியாளர். காப்பாட்சியரின் அறையில் மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தார்கள். கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் காத்திருந்த பெயிண்டருக்குப் பேச்சு முழுதும் கேட்டது.

பொறியாளர் முதலில் காப்பாட்சியர் அம்மாவுக்கு விளக்கினார். "சில்லுனு தண்ணி ஊத்தின டம்ளருக்கு வெளியில நீர் துளிர்க்குமில்லையா, அந்த மாதிரிதாம்மா. பகல் முழுக்க சுவரையும் மரத்தையும் குளிர வெச்சீங்க. வெளியில வெக்கை, ஈரக்காத்து. அது சுவருக்குள்ள புகுந்து, குளிர்ந்த இடத்துல தண்ணியா நிக்குது. பழைய சுவர் அதை மூச்சு விட்டுக் காய வெச்சிருக்கும். வெளியில சிமெண்ட், உள்ள எண்ணெய் பெயிண்ட், காத்து போற வழியெல்லாம் அடைப்பு. தண்ணி எங்க போகும்? உத்திரத்தோட தலையைத்தான் குடிச்சிருக்கு. குளிர் நேரா அடிக்கிற இடத்துல அதிகம்."

பிறகு மைத்துனனை அழைத்தார்கள். அன்றைக்குப் பிறகு அவன் ஒரு வார்த்தை நகைச்சுவையாகப் பேசவில்லை. கைகளில் கட்டுகளோடு நின்றான்.

"தரையில நாற்காலிக் கால் தேய்ஞ்ச தடம் இருக்கு" என்றார் பொறியாளர். "வருஷக்கணக்கா அங்கதான் உக்காந்திருக்கீங்க. அப்புறம் ஏன் மாத்துனீங்க?"

"அக்கா கனவு கண்டாங்க சார்."

பக்கத்தில் இருந்த அதிகாரி மூக்கால் சிரித்தார். பொறியாளர் சிரிக்கவில்லை. "என்ன கனவு?"

"நான் உக்காந்திருக்கற மாதிரி… மேலேர்ந்து மண்ணு கொட்டுற மாதிரி."

"எந்த இடத்துல?"

"நாற்காலி இருந்த இடத்துல சார்."

"உங்க அக்கா இந்தக் கூடத்துக்கு வந்திருக்காங்களா?"

"இல்ல சார். அவங்க வீட்டை விட்டு எங்கயும் போகமாட்டாங்க."

"அவங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

மைத்துனன் வாயைத் திறந்தான்.  பெயிண்டர் வெளியிலிருந்து அவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அகன்ற முதுகு அசையாமல் நின்றது. பிறகு தலை மட்டும், யாரோ பிடித்துத் திருப்புவதுபோல, மெல்லக் கதவுப் பக்கம் திரும்பியது. அக்கா இடுப்பில் தூக்கி வந்த காலத்திலிருந்து அவர் அறிந்த முகம். அதில் அவருக்குத் தெரியாத ஒரு பார்வையை அன்றுதான் கண்டார்.

"அவங்களைக் கூப்பிட்டு அனுப்புங்க" என்றார் அதிகாரி. "கனவு கண்டவங்க வந்து சொல்லட்டும்."

பெயிண்டர் எழுந்து உள்ளே போனார்.

"கனவு இல்லங்க. நான்தான் சொன்னேன். உத்திரம் மக்கிப்போனது எனக்குத் தெரியும். அதை மூடிப் பூசினவன் நான். அம்மா கேட்டாங்க; இல்லேன்னு சொன்னேன். இவனுக்கு எதுவும் தெரியாது."

 காப்பாட்சியர் அம்மா இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பொறியாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பெயிண்டரைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"சொல்லியிருந்தா அன்னைக்கே கீழ ஒரு முட்டுக் குடுத்திருப்போம். ஒரு கம்பம், ஒரு ஆள் வேலை. பாதிக் கூடத்தைக் கயிறு கட்டி மறைச்சிருந்தா போதும். காவலுக்கு ஆள் கூடுதலாத்தான் தேவைப்பட்டிருக்கும்."

மற்றவற்றை எழுதி வாங்கிக்கொண்டார்கள். வழக்கு வரும், வெளியூர் போகக்கூடாது என்றார்கள். பெயிண்டர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். வெளியே வந்தபோது மைத்துனன் வராந்தாவின் முனையில், வெயில் விழும் இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"வீட்டுக்குப் போலாம் வா மச்சான்."

"நீங்க போங்க."

"உனக்காகத்தான்டா…"

"அதைச் சொல்லாதீங்க அத்தான்." அவன் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான். "என்னை மட்டும் எழுப்பி விட்டுட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பெஞ்சை நான் போட்டிருப்பேனா? ஒவ்வொருத்தரையா, வாங்க, உக்காருங்கன்னு, இந்தக் கையால காட்டினேன்."

 "இப்ப எங்க போற?" என்று பெயிண்டர் கேட்டார்.

"பார்சல் அண்ணன் வீட்டுக்கு. அவரை அங்க உக்கார வெச்சது யாருன்னு அவங்க வீட்டுல இன்னும் தெரியாது. உண்மை தெரியாம நான் அவங்க முகத்துல முழிச்சு துக்கம் விசாரிச்சுட்டு வந்தேன். இனிமே முடியாது." 

அவன் படியிறங்கினான். வெயில் அவன்மேல் விழுந்தது. ஸ்வெட்டர் இல்லாத அந்த உடம்பு திடீரென்று மெலிந்துபோனதுபோலத் தெரிந்தது. பெயிண்டர் பின்னாலேயே இறங்கினார்.

"நானும் வரேன்."

மைத்துனன் நின்றான். திரும்பிப் பார்க்காமல், வழிவிட்டு ஒதுங்கினான்.

"வர்றதுன்னா முன்னால நடங்க. கதவை நீங்கதான் தட்டணும்."

பெயிண்டர் முன்னால் நடந்தார்.